கூட்டத்துக்குள் மொபிலிட்டி ஸ்கூட்டர்: தீம் பார்க் கிளம்பும் புதுச்சேரி, கடலூர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் வீல்சேரும் பேட்டரி ஸ்கூட்டரும் பழுது பார்ப்பதும் வாடகைக்கு விடுவதும் என் தொழில். பள்ளி விடுமுறை நெருங்கினால் கடையில் ஒரே பேச்சுதான். பேரப்பிள்ளைகளோடு ஆயாவையும் தாத்தாவையும் தீம் பார்க்குக்குக் கூட்டிப் போக வேண்டும், அவர்களால் அவ்வளவு நடக்க முடியாது, ஸ்கூட்டர் சரிப்படுமா? சிலர் போவது கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) பூங்காவுக்கு, சிலர் போவது பாரிஸ் டிஸ்னிலேண்டுக்கு. எங்கே போனாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

மொபிலிட்டி ஸ்கூட்டர் என்பது அரசு கொடுக்கும் பக்கச் சக்கர ஸ்கூட்டர்தானே?

இல்லை. அது இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் வண்டி, சாலைக்கு உரியது. பூங்காவின் பார்க்கிங்கோடு அதன் வேலை முடிந்தது. மொபிலிட்டி ஸ்கூட்டர் பேட்டரியில் ஓடும் இருக்கை. மூன்று அல்லது நான்கு சின்னச் சக்கரம், முன்னால் ஒரு கைப்பிடித் தண்டு, ஏறி இறங்க வசதியாகச் சுழலும் சீட். சிறிய ரகங்கள் மணிக்கு 6 முதல் 8 கிலோமீட்டர் வேகத்தில் போகும், அதாவது வேகமாக நடப்பவரின் வேகம்.

இன்னொரு ரகமும் உண்டு. சென்னை ஐஐடியில் உருவாகி 2021இல் வந்த நியோபோல்ட் மாதிரி, வீல்சேரின் முன்னால் மாட்டிக்கொள்ளும் மோட்டார். அது 25 கிலோமீட்டர் வேகம் வரை போகும். ரோட்டுக்கு அருமையான சாமான். ஆனால் பூங்காவுக்குள் அந்த முன்பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் வீல்சேராகப் போவதுதான் நல்லது.

இதற்கு ஆர்.சி., லைசென்ஸ் வேண்டுமா?

மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிப்படி அது மோட்டார் வாகனமே இல்லை, பதிவு தேவையில்லை. மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்துப் பாருங்கள். பெரிய ரகங்களில் சில இந்த எல்லையைத் தாண்டும்.

எனக்குக் கொஞ்ச தூரம் நடக்க முடியும். ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் “நல்லாத்தானே நடக்கறாங்க” என்று பேசுவார்களே?

பேசுவார்கள், பேசட்டும். வீட்டிலிருந்து தெருமுனைக் கடை வரை நடப்பதும், காலை பத்தரையிலிருந்து மாலை ஆறு வரை வெயிலில் நடந்து, வரிசையில் நின்று, மறுபடி நடப்பதும் ஒன்றா? பெங்களூரு வொண்டர்லாவின் பரப்பு மட்டும் 82 ஏக்கர். முழங்கால் தேய்மானம், இதய பலவீனம், மூச்சிரைப்பு, சின்ன வயதில் வந்த போலியோ, கீமோ முடிந்த களைப்பு என்று எதுவாக இருந்தாலும், நாலு அடி நடக்க முடிவதும் நாள் முழுக்கத் தாங்குவதும் வேறு வேறு. என்னிடம் ஸ்கூட்டர் எடுப்பவர்களில் பெரும்பாலானோர் இப்படிக் கொஞ்சம் நடப்பவர்கள்தான். ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியாதவர்களுக்குப் பெரும்பாலும் வீல்சேர்தான் ஒத்துவரும், ஏனென்றால் ஸ்கூட்டரில் ஏறவும் இறங்கவும் கொஞ்சம் நிற்கத் தெரிய வேண்டும்.

ராட்டினத்தருகே நீங்கள் எழுந்து நிற்பதைப் பார்த்து யாராவது முறைத்தால் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

யாருக்கு ஸ்கூட்டர் வேண்டாம் என்பீர்கள்?

கண் சரியாகத் தெரியாதவர், மறதி நோய் உள்ளவர், தூக்கம் தள்ளும் மாத்திரை சாப்பிடுபவர், நிமிர்ந்து உட்கார முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடுபவர். இவர்களுக்குப் பின்னாலிருந்து ஒருவர் தள்ளும் வீல்சேர்தான் பாதுகாப்பு. பக்கவாதத்தால் ஒரு கை மட்டும் வேலை செய்தால், ஓட்டும் நெம்புகோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று வாடகைக்கு எடுக்கும் முன்பே கேளுங்கள். பல வண்டிகளில் இரண்டு பக்கமும் நெம்புகோல் இருக்கும், ஒன்றை அழுத்தினால் முன்னே, மற்றதை அழுத்தினால் பின்னே. நல்ல கை எந்தப் பக்கமோ அங்கே முன்னே போகும் நெம்புகோல் வருமாறு பலவற்றில் மாற்றிக்கொள்ள முடியும்.

சொந்தமாக வாங்கிவிடலாமா?

வருடத்துக்கு ஒரு சுற்றுலாவுக்காக என்றால் வேண்டாம். வாடகைக்கு விடுபவனே சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் கடற்கரைக்கும் வாரம் நாலு நாள் ஓட்டப்போகிறவர் தாராளமாக வாங்கலாம். மூலையில் நிற்கிற வண்டியில் முதலில் சாவது பேட்டரிதான்.

மூன்று சக்கரமா, நான்கு சக்கரமா?

கூட்டத்துக்கு மூன்று சக்கரம் வசதி, குறுகிய இடத்தில் திரும்பிவிடும். கால் வைக்கவும் இடம் தாராளம். ஆனால் கைப்பிடியை முழுக்க ஒடித்துக்கொண்டு வேகமாகத் திருப்பினால் கவிழும். உடல் பருமனானவருக்கும், மேடு பள்ளமான இடத்துக்கும் நான்கு சக்கரம். நான் பெரும்பாலும் நான்கு சக்கரம்தான் கொடுத்தனுப்புகிறேன். திரும்ப இடம் இல்லையென்றால் கொஞ்சம் பின்னே எடுத்துத் திருப்பிக்கொள்ளலாம். கவிழ்ந்தால் அப்படி வழி இல்லை.

கால் டாக்ஸியில் ஏறுமா?

வண்டி புக் செய்யும்போது சிலிண்டர் இல்லாத வண்டி வேண்டும் என்று சொல்லுங்கள். இப்போது நிறைய டாக்ஸிகளில் டிக்கியை சிஎன்ஜி சிலிண்டர் அடைத்துக்கொண்டிருக்கிறது. காலை ஐந்து மணிக்கு வாசலில் வந்து நின்ற பிறகு அதைக் கண்டுபிடித்து, ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் உண்டு.

கழற்றி ஏற்றும் ரகம் சீட், பேட்டரிப் பெட்டி, கூடை, முன் சட்டம், மோட்டாரோடு சேர்ந்த பின் சட்டம் என்று நாலைந்து துண்டாகப் பிரியும். பின் சட்டம்தான் கனம். அதைத் தூக்கும்போது பிளாஸ்டிக் மூடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், இரும்பைப் பிடியுங்கள். வீட்டில் ஒரு தடவை கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அதைச் செய்யப்போகிறவர் யாரோ அவர் கையாலேயே.

இங்கிருந்து போகக்கூடிய பூங்காக்களில் எது ஸ்கூட்டருக்குத் தோது?

ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அடுத்த மாதம் அங்கே தரையைத் தோண்டிப் போட்டிருப்பார்கள். ஈசிஆரில் முட்டுக்காடு எம்ஜிஎம், ஈஞ்சம்பாக்கம் விஜிபி, திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா, செம்பரம்பாக்கத்தில் குயின்ஸ்லேண்ட், இவற்றில் எதுவானாலும் முதல் நாள் போன் போட்டுக் கேளுங்கள். “மாற்றுத்திறனாளிக்கு வசதி இருக்கா?” என்று கேட்டால் “இருக்கு சார், வாங்க” என்றுதான் பதில் வரும். அது யாருக்கும் உதவாது. கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்: டிக்கெட் கவுன்டரைத் தாண்டும் சுழல்கதவுக்குப் பக்கத்தில் அகலமான வழி உண்டா? சாப்பாட்டு இடத்துக்குப் படியா, சாய்தளமா? வீல்சேர் கழிப்பறை எத்தனை, எங்கே? எங்கள் வண்டி பேட்டரி வீல்சேர், உள்ளே கொண்டுவரலாமா? பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாசல் காவலருக்கு “ஸ்கூட்டர்” என்றால் பெட்ரோல் வண்டிதான் நினைவுக்கு வரும், அதனால் பேட்டரி வீல்சேர் என்றே சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: “நாளைக்கு எத்தனை ஸ்கூல் பஸ் வருது?” வார நாளில் கூட்டம் இருக்காது என்று நம்பிப் போனால், ஜனவரி பிப்ரவரியில் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் வரிசையாக நிற்கும். காணும் பொங்கல் அன்று போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஓட்டிப் பழக எவ்வளவு நாள் ஆகும்? எங்கே பழகுவது?

ஓட்டுவதற்கு அரைமணி நேரம் போதும். நிறுத்துவதற்குத்தான் பழக்கம் வேண்டும்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். சைக்கிளிலும் டிவிஎஸ் ஃபிஃப்டியிலும் பழகிய கைக்கு, ஆபத்து என்றால் இறுக்கிப் பிடிக்கத்தான் தெரியும். பிரேக் அங்கேதானே இருந்தது! மொபிலிட்டி ஸ்கூட்டரில் கைப்பிடியை ஒட்டியிருக்கும் நெம்புகோல்தான் ஆக்ஸிலேட்டர். அழுத்தினால் ஓடும், விட்டால் மோட்டாரில் உள்ள மின்காந்த பிரேக் தானாகப் பிடித்து நிற்கும். அதாவது பயந்துபோய் இறுக்கினால் வண்டி முன்னே பாயும். எதிரில் ஒரு குழந்தை ஓடி வரும்போது கையை விட வேண்டும் என்று மூளை யோசித்துச் சொல்ல நேரம் இருக்காது, விரல்களே தாமாகப் பிரிய வேண்டும். அதனால் கடையில் நான் செய்வது இதுதான்: ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று “விடு!” என்று சத்தம் போடுவேன். விரல்கள் பட்டென்று விரிய வேண்டும். கைப்பிடியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால் மறுபடி முதலிலிருந்து. வீட்டிலும் பேரனை விட்டு இப்படிச் செய்யச் சொல்லுங்கள், அவன் சந்தோஷமாகச் செய்வான்.

இடம் என்று பார்த்தால் நமக்குக் கடற்கரைச் சாலை ஒரு வரம். மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வாகனங்களுக்குத் தடை. நடை வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டுபவரை யாரும் தடுத்து நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு நாள் விடிகாலையில் காந்தி சிலையிலிருந்து ஆரம்பியுங்கள், நடைப்பயிற்சிக்காரர்கள் மட்டும் இருப்பார்கள். கை பழகிய பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்கு அதே இடத்துக்குப் போங்கள். பலூன்காரர், சுண்டல் வண்டி, செல்ஃபி எடுக்கப் பின்னாலேயே நடக்கும் சுற்றுலாப் பயணி, கையை உதறிக்கொண்டு ஓடும் பிள்ளைகள் என்று தீம் பார்க்கில் இருப்பதெல்லாம் இங்கேயே இலவசமாகக் கிடைக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு சுற்று பதறாமல் போய் வந்தவர் எந்தப் பூங்காவிலும் ஓட்டலாம். கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் பழகலாம். சில்வர் பீச்சில் தார்ச் சாலையோடு நின்றுகொள்ளுங்கள். மணலில் இறக்கினால் சின்னச் சக்கரம் புதைந்துவிடும், பிறகு நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டும்.

கூட்டத்துக்குள் எப்படி ஓட்டுவது?

வேகத் திருகில் ஒரு பக்கம் ஆமைப் படமும் மறுபக்கம் முயல் படமும் இருக்கும். உள்ளே நுழையும்போதே ஆமைப் பக்கம் திருகிவிடுங்கள். நாள் முழுக்க அங்கேயே இருக்கட்டும். வெறிச்சோடிய பாதை தெரிந்தாலும் முயல் வேண்டாம், ஏனென்றால் அடுத்த திருப்பத்தில் கூட்டம் வந்துவிடும், உங்களுக்குத் திருகு ஞாபகம் இருக்காது.

கூட்டத்தில் நடப்பவர்கள் தங்கள் முகம் இருக்கும் உயரத்தில்தான் பார்க்கிறார்கள். நீங்கள் அவர்களின் இடுப்பு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நீங்கள் அவர்கள் கண்ணில் படவில்லை என்று வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். பின்சீட்டில் ஒரு குச்சி நட்டு, தலைக்கு மேல் தெரிகிற மாதிரி பளிச்சென்ற துணி கட்டுங்கள். திருவிழாவில் தொலையாமல் இருக்கக் குழந்தைக்குச் சிவப்புச் சட்டை போடுவது போலத்தான் இது. குடும்பத்தாரும் தூரத்திலிருந்தே உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கூட வருபவர் எங்கே நடக்க வேண்டும் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. வழக்கமாக எல்லோரும் ஸ்கூட்டருக்குப் பின்னால் நடப்பார்கள், வீல்சேர் தள்ளிய பழக்கம். பின்னால் நடப்பவரால் ஒரு உபயோகமும் இல்லை. ஒருவர் முன்சக்கரத்துக்கு அரையடி முன்னால், ஒரு ஓரமாக நடக்க வேண்டும். இடையில் நுழைபவர்கள் அவரைப் பார்த்து ஒதுங்குவார்கள். இன்னொரு ஆள் இருந்தால், பின்னே எடுக்கும்போது மட்டும் அவர் பின்பக்கம் போய் நிற்கட்டும்.

நேர் முன்னால் நடப்பவரின் குதிகாலைப் பாருங்கள். முதுகைப் பார்த்து ஓட்டினால் தூரம் ஏமாற்றும். ஸ்கூட்டரால் நடக்கும் விபத்துகளில் நான் அதிகம் கேள்விப்படுவது முன்சக்கரம் யாரோ ஒருவரின் குதிகாலில் ஏறியதுதான். ஒரு ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு இடைவெளி விடுங்கள். யாராவது அதில் நுழைவார்கள். நுழையட்டும், மறுபடி விடுங்கள்.

ஹாரன் அடித்துப் பிரயோஜனமில்லை. நம்மூரில் ஹாரன் சத்தம் காற்று மாதிரி, யாருக்கும் கேட்காது. “கொஞ்சம் வழி விடுங்கம்மா” என்று வாய்விட்டுச் சொன்னால் உடனே ஒதுங்குவார்கள்.

சாய்தளத்தில் குறுக்காக ஏறவோ இறங்கவோ கூடாது, நேராகப் போங்கள், ஏறும்போது உடம்பைக் கொஞ்சம் முன்னே சாய்த்துக்கொள்ளுங்கள். சரிவு 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்தான் இருக்கலாம் என்பது நம் நாட்டு அணுகல் வழிகாட்டுதல். கண்ணால் பார்த்தாலே செங்குத்தாகத் தெரிகிற சாய்தளம் சாமான் ஏற்றப் போட்டது, உங்களுக்கானதல்ல. அப்புறம், மூடுகிற நேரத்தில் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடுவார்கள். அரைமணி முன்னால் கிளம்புங்கள், இல்லையென்றால் ஒரு டீ குடித்துவிட்டுக் கடைசியாகக் கிளம்புங்கள்.

புடவை கட்டிக்கொண்டு ஓட்டலாமா?

தாராளமாக. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள், கொசுவத்தின் அடிப்பகுதியைக் கால்பலகைக்குள் அடக்கிக்கொள்ளுங்கள். பின்சக்கரம் துணியைக் கவ்வினால் மெதுவாகத்தான் சுற்றும், ஆனால் ஆளையும் சேர்த்து இழுக்கும். துப்பட்டாவுக்கும் வேட்டி நுனிக்கும் இதேதான். சர்க்கரை நோயால் கால் மரத்திருப்பவர்கள் பாதத்தை வெளியே நீட்டியிருப்பதே தெரியாமல் ஓட்டுவார்கள், பக்கத்துச் சுவரில் உரசினாலும் தெரியாது. அவர்களுக்குச் செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள், அடிக்கடி ஒருவர் குனிந்து பார்க்கட்டும்.

பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. பிஞ்சுக் கை முதலில் பிடிப்பது அந்த நெம்புகோலைத்தான்.

பெரியவர் ஒரு நிழலில் உட்கார்ந்திருந்தால் நாங்கள் ராட்டினம் ஏறிவிட்டு வருவோமே. அதற்கு வீல்சேரே போதாதா?

நிழலில் உட்கார வைப்பதற்கு வீல்சேர்கூட வேண்டாம், வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகலாம்!

கோபத்தில் சொல்லவில்லை, பல முறை பார்த்ததைச் சொல்கிறேன். குடும்பம் நல்ல மனசோடுதான் கூட்டிப் போகிறது. உள்ளே போனதும் ஒரு வேப்பமரம், “ஆயா, நீ இங்கயே குந்து, பைய பாத்துக்கோ” என்று ஒரு வார்த்தை. ஆறு செருப்பு, நாலு பை, ஈரத்துணி மூட்டை, போன் எல்லாம் சுற்றிலும் வந்து சேரும். சாயங்காலம் வரை ஆயா காவல். ஸ்கூட்டர் கொடுத்தால் அதன் கூடையும் சாமான் வண்டியாகிவிடும், கைப்பிடியில் மாட்டிய பைகளின் கனத்தில் வண்டி திரும்பவே அடம் பிடிக்கும்.

ஸ்கூட்டருக்குப் பணம் கொடுப்பதே, உட்கார்ந்திருப்பவர் தனக்கு வேண்டிய இடத்துக்குத் தானே போவதற்காகத்தான். மீன் காட்சியைப் பார்க்க ஆசையா, இளைஞர்கள் நீரில் குதிப்பதை வேடிக்கை பார்க்கலாமா, ஒரு மணி நேரம் யாருடனும் பேசாமல் சுற்றலாமா, அதை அவர் முடிவு செய்யட்டும். சாமானுக்கு லாக்கர் இருக்கிறது. போனை அவர் கழுத்தில் மாட்டிவிடுங்கள், சாப்பாட்டுக்கு எங்கே சேர்வது என்று பேசிக்கொள்ளுங்கள், போகவிடுங்கள். சாவியை நீங்கள் வைத்துக்கொண்டு “நான் வந்து எடுக்கறேன், அதுவரைக்கும் அசையாதீங்க” என்பது மட்டும் வேண்டாம். அப்படிச் சாவியைப் பிடுங்கி வைப்பவர்களை வாடகைக்கு எடுக்கும்போதே எனக்கு அடையாளம் தெரிந்துவிடுகிறது. எல்லாக் கேள்வியையும் அவர்களே கேட்பார்கள், ஓட்டப்போகிற பெரியவர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் அவரைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன்.

ராட்டினத்தில் ஏற விடுவார்களா?

ராட்டினத்துக்கு ராட்டினம் மாறும். ஸ்கூட்டரோடு ஏற முடிவது அபூர்வம். வரிசைப் பாதை வளைந்து வளைந்து ஒடுக்கமாக இருந்தால் வெளியேறும் வழியாக உள்ளே விடுவார்கள், ஊழியரிடம் கேளுங்கள். ஸ்கூட்டரை விட்டு இறங்கி இருக்கைக்கு மாறுவது உங்கள் பொறுப்பு அல்லது கூட வருபவர் பொறுப்பு. ஊழியர்கள் பொதுவாகத் தூக்கிவிட மாட்டார்கள். அது சரியும்கூட, பழக்கமில்லாதவர் தூக்கினால் தோள்பட்டை போய்விடும். இதய நோய், முதுகுத்தண்டு பிரச்சினை உள்ளவர்களுக்குப் போட்டிருக்கும் எச்சரிக்கைப் பலகை சும்மா போட்டதல்ல.

இறங்கியதும் சாவியை எடுத்துவிடுங்கள். ஆளில்லாத ஸ்கூட்டரைப் பார்த்தால் எந்தப் பிள்ளைக்குத்தான் ஏறி உட்காரத் தோன்றாது?

கழிப்பறை?

வீல்சேர் படம் போட்ட கதவு இருக்கும். திறந்தால் உள்ளே துடைப்பம், வாளி, பினாயில் கேன். பூட்டியிருந்தால் சாவி வேறொரு ஆளிடம் இருக்கும், அவர் சாப்பிடப் போயிருப்பார். ஆகவே உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, அவசரம் வருவதற்கு முன்பே, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கதவின் திறப்பு 900 மில்லிமீட்டராவது வேண்டும் என்கிறது வழிகாட்டுதல், ஸ்கூட்டர் நுழைய அது போதும், உள்ளே திரும்பத்தான் இடம் போதாது. ஸ்கூட்டரை வெளியே நிறுத்தி, ஊன்றுகோலோடு நடந்து போவதுதான் நடைமுறை. ஊன்றுகோலை வண்டியில் எப்போதும் வைத்திருங்கள்.

வெயில், மழை, தண்ணீர் விளையாட்டு?

வெயில் வண்டியைவிட ஆளுக்குத்தான் ஆபத்து. நடப்பவருக்கு வியர்க்கும், களைக்கும், தானே நிழல் தேடுவார். ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பவருக்குக் களைப்பு தெரியாமலே தலை சுற்றும். கத்திரி வெயில் நாட்களில் பதினொன்றிலிருந்து மூன்று வரை கூரையுள்ள இடத்தில் இருங்கள். கறுப்பு சீட்டை வெயிலில் நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தால் சுட்டுவிடும், ஒரு துண்டு போட்டு வையுங்கள். வண்டியில் குடை கட்டாதீர்கள். அதன் கம்பி நுனி பக்கத்தில் நடப்பவரின் கண் மட்டத்தில் இருக்கும். தொப்பி போதும்.

தண்ணீரைப் பொறுத்தவரை, தூறல் பட்டால் பரவாயில்லை, தேங்கிய தண்ணீரில் இறக்கக் கூடாது. மோட்டாரும் கன்ட்ரோலரும் சீட்டுக்குக் கீழே, தரைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அலைக் குளத்தின் ஓரத்தில் ஈர டைல்ஸ் மேல் சக்கரம் வழுக்கும். ஐப்பசி கார்த்திகையில் போனால் ஒரு பெரிய பிளாஸ்டிக் உறை, கைப்பிடி முனையிலுள்ள பட்டன்களை மூட ஒரு சின்ன கவர்.

பேட்டரி நாள் முழுக்க வருமா?

விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் மெல்லிய ஆள், சமதளம், புது பேட்டரி என்ற கணக்கு. மேடும், நின்று நின்று கிளம்புவதும், ஆள் எடையும் அதைக் குறைக்கும். பாதி கிடைக்கும் என்று வைத்துத் திட்டமிடுங்கள், பூங்காவுக்கு அதுவே பெரும்பாலும் போதும். முதல் நாள் இரவே சார்ஜ் போடுங்கள், பச்சை விளக்கு வரும் வரை பிளக்கைப் பிடுங்க வேண்டாம். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பிளக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம், சார்ஜரைக் கையோடு கொண்டுபோயிருந்தால்.

வழியில் நின்றுவிட்டால், பின்சக்கரத்தருகே இருக்கும், சக்கரத்தை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீவீல் நெம்புகோலை மாற்றித் தள்ளிக்கொண்டு போகலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அந்த நிலையில் தானியங்கி பிரேக் வேலை செய்யாது. சரிவில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது அதை மாற்றினால் வண்டி உருண்டுவிடும்.

வாசலில் விடமாட்டேன் என்றால்?

முதலில் நீங்கள் வாங்கி வைத்த பதிலைக் காட்டுங்கள், பெரும்பாலும் மேலாளர் வந்ததும் தீர்ந்துவிடும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 46ஆம் பிரிவு, சேவை அளிப்பவர் அரசானாலும் தனியாரானாலும் அணுகல் வசதி செய்ய வேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமானவையாக வேண்டும் என்று சொல்லிவிட்டது. யூடிஐடி அட்டையை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை, கையில் வைத்திருங்கள். மறுத்தால் மறுத்தவரின் பதவி, நேரம், சொன்ன காரணம் மூன்றையும் எழுதிக்கொண்டு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். வாசலில் நின்று கத்துவதால் குழந்தைகளின் நாள்தான் கெடும்.

பாரிஸில் மகள் வீட்டுக்குப் போகிறோம். டிஸ்னிலேண்டுக்கு ஸ்கூட்டரை எடுத்துப் போகலாமா?

புதுச்சேரியில் அடிக்கடி வரும் கேள்வி. விமானம்தான் முதல் தடை. லித்தியம் பேட்டரி கழற்றும் ரகமானால், கழற்றிக் கைப்பையோடு கேபினில் கொண்டுபோக வேண்டும். ஒரே பேட்டரி என்றால் 300 வாட்-ஹவருக்குள், இரண்டு என்றால் ஒவ்வொன்றும் 160க்குள். கணக்கு சுலபம், வோல்டையும் ஆம்பியர்-ஹவரையும் பெருக்குங்கள். 24 வோல்ட் 10 ஆம்பியர்-ஹவர் என்றால் 240, போகும். 24க்கு 20 என்றால் 480, போகாது. ஜெல் பேட்டரிக்கும், வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்திய லித்தியத்துக்கும் விதி வேறு. டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் அனுமதி கேளுங்கள். கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பாவது உதவி தேவை என்று தெரிவித்தாக வேண்டும். சீட்டின் மேல் ஒரு தாள் ஒட்டுங்கள்: ஃப்ரீவீல் நெம்புகோல் எங்கே, பேட்டரியை எப்படித் துண்டிப்பது என்று அம்புக்குறியோடு. அது இல்லாவிட்டால் சாமான் ஏற்றுபவர்கள் பிரேக் பிடித்த வண்டியை இழுத்தே உடைப்பார்கள்.

இத்தனையும் செய்வதைவிட மகளிடம் சொல்லி அங்கேயே வாடகைக்கு ஏற்பாடு செய்வது எனக்கு உத்தமமாகப் படுகிறது. டிஸ்னிலேண்ட் பாரிஸ் நகரத்துக்குள் இல்லை, ஆர்இஆர் ஏ ரயிலின் கடைசி நிலையமான மார்ன்-லா-வலே ஷெஸ்ஸியில் இறங்க வேண்டும், வாசல் பக்கத்திலேயே. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் முன்னுரிமை அட்டைக்குச் சான்று கேட்பார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்களிடம் 2017 முதல் கொடுக்கப்படும் கார்த் மொபிலிதே இன்க்ளூசியோன் என்ற பிரெஞ்சு மாற்றுத்திறனாளி அட்டை இருக்கலாம். மற்றவர்கள் யூடிஐடி அட்டையோடு மருத்துவர் கடிதம் ஒன்றும் எடுத்துப் போங்கள். அமெரிக்காவின் ஃப்ளோரிடா டிஸ்னியில் பூங்காவே மின்வண்டி வாடகைக்கு விடுகிறது. ஓட்டுபவருக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், முதலில் வந்தவருக்கே வண்டி.

அங்கிருந்து கொண்டுவந்த ஸ்கூட்டர் இங்கே ஓடுமா?

பிரான்ஸ் வண்டியின் சார்ஜர் அப்படியே வேலை செய்யும், இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். அமெரிக்க வண்டி என்றால் சார்ஜர் மேல் 100-240 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். 110 மட்டும் எழுதியிருந்தால் நேராகச் சொருகினால் புகைந்துவிடும்.

மஞ்சக்குப்பம் பொருட்காட்சிக்கும் வீராம்பட்டினம் தேருக்கும் கொண்டுபோகலாமா?

பொருட்காட்சிக்குக் கொண்டுபோகலாம், கூட்டம் சேரும் முன் ஐந்து மணிக்குப் போய் ஏழு மணிக்குள் திரும்பினால். மழை பெய்த மறுநாள் மண் தரை சேறு, அன்று வேண்டாம். தரையில் ஓடும் ஜெனரேட்டர் ஒயர்களை நேராக, மெதுவாகக் கடந்து போங்கள். தேர்த் திருவிழாவுக்கு வேண்டாம். தேர் அசையும் நேரத்தில் கூட்டம் மொத்தமாகத் தள்ளும், அதற்குள் எந்தச் சக்கரமும் நிற்காது. மாசி மகத்துக்கும் அப்படியே, தெரு ஓரத்தில் தெரிந்தவர் வீட்டுத் திண்ணை கிடைத்தால் அங்கிருந்து பாருங்கள்.

திரும்பி வந்ததும் வண்டியை என்ன செய்ய வேண்டும்?

ஈரத்துணியால் துடையுங்கள், குழாயால் பீய்ச்சிக் கழுவ வேண்டாம். சக்கரத்தின் அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும், எடுத்துவிடுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிடும், துடைத்து லேசாக வாசலின் தடவுங்கள். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் அன்றிரவே சார்ஜில் போடுங்கள். ஓட்டாமல் நிறுத்தி வைக்கிற வண்டியானால் மாதத்துக்கு ஒரு தடவையாவது சார்ஜ் ஏற்றுங்கள். வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் அந்த வேலையைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள், சாவியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு.